பெரியவரிடம் பெயர் கேட்காத காலை

நான் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்த மருத்துவமனையில் இப்போது நோயாளிக்கு அட்டை எழுதுவது கிடையாதாம். கையில் ஒரு பலகைக் கணினியை ஏந்திக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போகிறார்களாம். என்னிடம் வேலை பழகி, இன்றைக்கு வார்டுக்கே பொறுப்பாக இருக்கும் பிரியா போனில் சொன்னாள். நிமோனியா என்று ஒருவர் வந்து சேர்ந்தால் திரையில் ஐந்து கட்டங்கள் வருமாம். வயது, மூச்சு, ரத்த அழுத்தம், ரத்தத்தில் யூரியா, மனக்குழப்பம். ஐந்தையும் நிரப்பினால் இவருக்கு உயிராபத்து எவ்வளவு என்று பச்சை, மஞ்சள், சிவப்பில் அதுவே காட்டிவிடுமாம்.

"ரொம்ப வசதி சிஸ்டர். குழப்பங்கிற எடத்துல ‘இல்லை’ன்னு அதுவே போட்டுக்கிட்டு வந்துருது. இருந்தா மட்டும் நாம மாத்துனாப் போதும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. காரைக்குடிக்கு வந்ததும் கணினிக்குக்கூட, கேள்வி கேட்கக் கூசும் நம்மூர் மரியாதை ஒட்டிக்கொண்டுவிட்டதே என்று நினைத்தேன்.

"அந்தப் பெரியவரு கதையை நீங்க வந்து புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லணும். நம்ம ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கும் எழுதிக் குடுத்துருங்க" என்றாள் பிரியா. சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. பதினைந்து வருடமாகப் பெயரை விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். எழுதுவது வேறு. இந்த ஊரில் பெயரை மறைத்து எழுதினாலும் நாலாவது வரியில் யார் வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த வீட்டில் பெரியவருடைய மகள் விசாலாட்சி ஆச்சி இருக்கிறார். அவரிடம் நான் சொல்லாமல் மறைத்த ஒன்று இந்தக் கதைக்குள் கிடக்கிறது. அதை அவரிடம் நேரில் சொல்லாமல் பேனாவைத் தொடக் கூடாது என்று முடிவுசெய்தேன். போன வெள்ளிக்கிழமை போய்ச் சொன்னேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பெயர் சகுந்தலா. குன்றக்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். மதுரையில் நர்சிங் படித்தேன். மூன்று வருடப் படிப்பில் நான் கற்றதில் பாதியை முதல் மூன்று மாத வேலையில் மறந்தேன் என்பதுதான் உண்மை. மறந்ததில் முதன்மையானது மூச்சு எண்ணுவது. காய்ச்சலைத் தெர்மாமீட்டர் சொல்லும். அழுத்தத்தைக் கருவி சொல்லும். மூச்சை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு முழு நிமிடம் நின்று நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். பன்னிரண்டு படுக்கை என்றால் பன்னிரண்டு நிமிடம். யாருக்கு நேரம் இருந்தது? எனக்கு மூத்தவர்கள் எல்லாருக்கும் இருபது என்று எழுதினார்கள். நானும் எழுதினேன். ஆஸ்துமாக்காரருக்கும் இருபது, கால் முறிந்தவருக்கும் இருபது.

இதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் சங்கரலிங்கம். சிவகங்கைக்காரர். குரலை உயர்த்த மாட்டார். அது எங்களுக்கு இன்னும் பயம். ஒருநாள் ரவுண்ட்ஸில் பன்னிரண்டு அட்டைகளையும் வரிசையாகப் புரட்டினார். பிறகு என்னை ஒரு முக்காலியில் உட்காரச் சொல்லி, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். எதிரே அவரும் உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்கம்மா."

எண்ணினேன். பதினாறு வந்தது.

"இந்த வார்டுல நான் ஒருத்தன்தான் இருபது இல்லை போலருக்கு" என்றார். அவ்வளவுதான். கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். மாணவிகள் முன்னால் எனக்கு மானம் போனது.

அவர் எண்ணும் விதம் தனி. நோயாளியிடம் மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொல்ல மாட்டார். சொன்னால் அவர்கள் மூச்சை அடக்கிக் காட்டுவார்கள், அல்லது இழுத்து இழுத்து விடுவார்கள். நாடி பார்ப்பவர்போல மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையை அவர்கள் நெஞ்சின் மேலேயே வைத்துக்கொள்வார். கண் கடிகாரத்தில் இருக்கும். நெஞ்சு ஏறும்போது அவருடைய கையும் ஏறும். முழு நிமிடம். இடையில் முதலமைச்சரே வந்து கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். நிமோனியாக்காரர் முப்பதைத் தாண்டிவிட்டார் என்றால், எக்ஸ்ரே வருவதற்கு முன்பே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன் போட்டுவிடுவார். அந்த முக்காலிப் பாடத்துக்குப் பிறகு நானும் ஒழுங்காக எண்ணினேன். பல வருடம் எண்ணினேன். அதனால்தான் எனக்கு என் மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை வந்தது.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

எண்பத்து மூன்று வயது. ஊரறிந்த வீட்டுப் பெரியவர். அவர் வீட்டுக் கல்யாணங்களுக்கு என் அப்பாதான் வாழையிலை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். சிறுபிள்ளையாக நானும் அப்பாவோடு போய் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அவரே வரிசை வரிசையாக வந்து, "அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பணியாரம் வைங்க" என்பார். அவரை மகள் விசாலாட்சி ஆச்சி காரில் கூட்டிவந்து, காலை ஒன்பதரைக்கு என் வார்டில் சேர்த்தார். மூன்று நாளாக இருமல். சாப்பாடு இறங்கவில்லை.

நான் உள்ளே போனேன். பெரியவர் தலையணையில் சாய்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"வா தெய்வானை, வா. சாப்பிட்டுத்தான் போகணும்."

"இவுக நர்சம்மா, அப்பச்சி" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே மகள் குறுக்கே புகுந்தார். என் பக்கம் திரும்பி, "கண்ணாடி போடலை, அதான். வந்தவுகளைச் சாப்பிடாம அனுப்ப மாட்டாக. எப்பவும் அப்படித்தான்" என்றார்.

எனக்குத் தெரியாதா? பணியாரம் வைத்த கையாயிற்றே. "ஆகட்டும் ஐயா, அப்புறம் வந்து சாப்பிடுறேன்" என்று சொல்லிக்கொண்டே தெர்மாமீட்டரை வைத்தேன். காய்ச்சல் இல்லை. "அதைத்தான் நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். மூணு நாளா மேலு சுடவே இல்லை. இல்லைன்னா அன்னைக்கே கூட்டியாந்துருப்பேன்" என்றார் மகள். அழுத்தம் பார்த்தேன். மேலே நூறு, கீழே அறுபது. "அட, பிரசரு எறங்கிருச்சே! எப்பவும் நூத்தம்பதுக்குக் கொறையாது" என்று அவர் சந்தோஷப்பட்டார். நானும் சேர்ந்து சந்தோஷப்பட்டேன்.

இன்றைக்கு நர்சிங் மாணவி எவளைக் கேட்டாலும் சொல்வாள். வயதானவர்களுக்கு நுரையீரலில் எவ்வளவு சீழ் கட்டினாலும் சில சமயம் உடம்பு சுடாது. காய்ச்சல் வரக்கூடத் தெம்பு இல்லை என்று அர்த்தம். எப்போதும் நூற்றைம்பது இருப்பவருக்கு நூறு என்பது இறக்கம், நல்ல செய்தியே இல்லை. எனக்கும் அது தெரியும். மற்றவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். ஆனால் அந்த அறையில் எல்லாம் மங்கலமாக இருந்தது. பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார், மகள் சிரித்தார், நானும் சிரித்தேன்.

மூச்சை எண்ண முடியவில்லை. பேசுகிறவருக்கு மூச்சு எண்ண முடியாது. அவர் என்னை உபசரித்துக்கொண்டே இருந்தார். "எலை போட்டாச்சு, எலை போட்டாச்சு" என்று சொன்னதையே சொன்னார். ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் ஓடவில்லை. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினார். அதுவே கணக்குத்தான். அது என் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை.

அடுத்து குழப்பம். அட்டையில் அப்போதும் அந்தக் கேள்வி உண்டு. பெயர், ஊர், கிழமை கேட்க வேண்டும். நான் வாயைத் திறந்தேன். எப்படிக் கேட்பது? "உங்க பேரு என்ன?" என்று இவரிடமா? என் அப்பா எவர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாரோ அந்த மனிதரிடமா? "பேரு..." என்று இழுத்தேன். கேள்வி முடிவதற்குள் மகள் பெயரையும், விலாசத்தையும், வயதையும் மளமளவென்று சொல்லிவிட்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. ‘தெளிவாக இருக்கிறார்’ என்று எழுதினேன்.

டாக்டர் சங்கரலிங்கம் கீழே வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் கேட்டார்.

"தெளிவாப் பேசுறாகளா?"

"நல்லாப் பேசுறாக சார். என்னையச் சாப்பிடவே கூப்பிடுறாக."

"மூச்சு?"

இருபது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் இருபத்திரண்டு என்றேன்.

அந்த இருபத்திரண்டை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். எடுத்த இடம் கிடையாது. வாய்க்கு வந்தது. டாக்டர் என் எண்ணை நம்பினார். முக்காலியில் அவரிடமே பாடம் படித்தவள் பொய் சொல்வேன் என்று அவர் ஏன் நினைக்கப்போகிறார்? முதல் ஊசியைப் போடச் சொன்னார், ரத்தமும் எக்ஸ்ரேயும் எடுக்கச் சொன்னார், வெளிநோயாளிகளை முடித்துவிட்டு வருகிறேன் என்றார்.

இரண்டு மணிக்கு வந்தார். கதவருகிலேயே ஒரு விநாடி நின்றார். பெரியவரின் கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போவதை நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட்டார் என்று பிறகுதான் புரிந்தது. மகளிடம், "ஆச்சி, கீழ போயி அந்த எக்ஸ்ரே ரெடியான்னு பாத்துட்டு வாரீகளா?" என்றார். எக்ஸ்ரே அவர் கையிலேயே இருந்தது. ஆச்சி போனதும் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, உங்க பேரு என்ன?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"எலை போட்டாச்சு."

"இது எந்த இடம் ஐயா?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரக... வந்தாச்சா? எல்லாரையும்... உக்காரச் சொல்லு."

அந்த மூன்று துண்டு வாக்கியத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து அவர் மருத்துவமனையிலேயே இல்லை. தன் வீட்டு நடுமுற்றத்து வளவில், ஏதோ ஒரு கல்யாணத்தில், பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார். ரத்தத்தில் போதிய பிராணவாயு கிடைக்காத மூளை அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. எண்பது வருடத்து மரியாதை நாக்கிலே ஊறிப்போனதால், அறிவு போன பின்னும் உபசாரம் போகவில்லை. நான் அந்த உபசாரத்துக்குத் தெளிவு என்று பெயர் எழுதியிருந்தேன்.

டாக்டர் மணிக்கட்டைப் பிடித்து நெஞ்சில் வைத்தார். முழு நிமிடம். முப்பத்தாறு. அழுத்தம் எண்பதுக்கு வந்திருந்தது. பத்து நிமிடத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனோம். யூரியாவும் ஏறியிருந்தது. ஆக்சிஜன், சலைன், இன்னொரு ஊசி, கடைசியில் செயற்கை சுவாசம், எல்லாம் செய்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குப் பெரியவர் காலமானார்.

டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு தாளில் ஐந்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார். வயது. மூச்சு. அழுத்தம். யூரியா. குழப்பம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கோடு போட்டார்.

"யூரியா நாம ரத்தம் எடுத்துத்தான் தெரிஞ்சுக்கணும். மத்த நாலும் காலையில உங்க கண்ணு முன்னாடி இருந்துச்சு. ஏன் கேக்கலை?"

"அவுககிட்டப் போயி பேரு என்னன்னு எப்படி சார் கேக்குறது?" என்றேன். அழுகை வந்துவிட்டது. இருபத்திரண்டு பொய் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "கேட்டிருந்தாப் பொழைச்சிருப்பாகன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. இந்த வயசுல, இவ்வளவு கோடு விழுந்தவுக பெரும்பாலும் தப்புறதில்லை. ஆனா நாலரை மணி நேரத்தை நாம விட்டுட்டோம். அது தெரியும்" என்றார். ‘நாம’ என்றார். அந்த ஒரு சொல்லுக்காக, பிறகு டாக்டர் இறந்தபோது சிவகங்கைவரை போய் அழுதுவிட்டு வந்தேன்.

அன்று முதல் எங்கள் வார்டில் ஒரு வழக்கம் வந்தது. வயதானவர் யார் சேர்ந்தாலும், கூட வந்தவர்களுக்கு ஏதாவது ஒரு வேலை கொடுத்து ஐந்து நிமிடம் வெளியே அனுப்ப வேண்டும். எக்ஸ்ரே வாங்க, ரசீது போட, வெந்நீர் கொண்டுவர. பிறகு, "கோவிச்சுக்கக் கூடாது, எல்லார்கிட்டயும் கேக்குறதுதான்" என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். அரியக்குடியிலிருந்து ஒரு பாட்டி வந்தார். பேரைக் கேட்டதும், "ஏண்டி, எம்பேரு தெரியாமத்தான் எனக்கு ஊசி போடப் போறியா? மொதல்ல ஒம்பேரைச் சொல்லுடி!" என்று வார்டே அதிரப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. குழப்பம் இல்லை என்று தைரியமாக எழுதினேன். ஏழாம் நாள் வீட்டுக்குப் போகும்போதும் என்னைத் திட்டிவிட்டுத்தான் போனார்.

ஆனால் ஒன்று பாக்கி இருந்தது. பெரியவரின் காரியம் எல்லாம் முடிந்து விசாலாட்சி ஆச்சி ஒருநாள் வார்டுக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பச்சி கடைசியா நல்லபடியாப் பேசுனது உங்ககிட்டத்தான். சாப்பிடக் கூப்பிட்டாகள்ல?"

"ஆமா ஆச்சி. கூப்பிட்டாக."

"கடைசி வரைக்கும் வந்தவுகளை உபசரிச்சுட்டுத்தான் போயிருக்காக" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தலையாட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அந்த அம்மாள் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாழப்போகிற நினைவை நான் எப்படிப் பிடுங்குவது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அதில் பாதிதான் இரக்கம். மீதி பயம். அதன்பிறகு கோவிலில், கல்யாணங்களில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு நழுவிவிடுவேன்.

போன வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். இப்போது அவருக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். பிள்ளைகள் வெளிநாட்டில். அத்தனை பெரிய வீட்டில் இரண்டு அறையை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறார். உட்கார்ந்தவுடன் சொல்லிவிட்டேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, குடித்தால் தைரியம் போய்விடும். பெயர் கேட்காததை, எண்ணாத மூச்சை, இருபத்திரண்டை, நாலரை மணி நேரத்தை. அப்பச்சி உங்களை விட்டுப் போவதற்கு முந்தைய நாளே புத்தி தடுமாறித்தான் பேசினார்கள், அதை நான் கவனிக்கவில்லை, உங்களிடம் மறைத்தும் விட்டேன் என்றேன்.

ஆச்சி அசையாமல் கேட்டார். சொல்லி முடித்ததும் நான் எழுந்துவிடலாமா என்று நினைத்தேன்.

"அன்னைக்கு உங்களை என்னன்னு கூப்பிட்டாக, ஞாபகம் இருக்கா?"

"தெய்வானைன்னு."

"தெய்வானை எங்க அயித்தை. அப்பச்சிக்குத் தங்கச்சி. நான் பொறக்குறதுக்கு முன்னாடியே செத்துப்போயிட்டாக."

அப்படியென்றால் அந்த முதல் வார்த்தையிலேயே குழப்பம் இருந்திருக்கிறது.

"மொத நாளு சாயங்காலத்துல இருந்தே அப்பச்சி அப்படித்தான் பேசுனாக. என்னையப் பாத்து நீ யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேட்டாக" என்றார் ஆச்சி. "ஊருல தலை நிமிந்து இருந்தவுக. நர்சு முன்னாடி, டாக்டரு முன்னாடி பேரு தெரியாம முழிக்கக் கூடாதுன்னு நாந்தான் முந்திக்கிட்டேன். கண்ணாடின்னு சொன்னேன். அவுக கண்ணு கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க பேருன்னு வாயெடுத்தீக. நான் உங்களைக் கேக்க விடலை. அன்னைக்கு அந்த டாக்டரு எக்ஸ்ரேக்குன்னு என்னைய ஏன் வெளிய அனுப்புனாருன்னு எனக்குப் படியிறங்கும்போதே தெரிஞ்சுபோச்சு."

பதினைந்து வருடம். ஒரே ஊரில், ஒருவரை ஒருவர் கண்டால் நழுவிக்கொண்டு, இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியைச் சுமந்திருக்கிறோம். அவர் அழுதார். நானும் அழுதேன். யாரும் யாரையும் தேற்றவில்லை.

"எழுதலாமா ஆச்சி?" என்றேன் கடைசியில்.

"எழுதுங்க. நான் முந்திக்கிட்டதையும் விடாம எழுதுங்க. நாலு பேரு பிள்ளைக படிக்கட்டும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் பிரியாவிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். குழப்பம் என்ற அந்தக் கட்டத்தில் கணினி எதையும் தானாகப் போடக் கூடாது. வெறுமையாக வர வேண்டும். கேட்ட பிறகு ஒரு கை அதை நிரப்ப வேண்டும். சற்று நேரத்தில் நிலைவாசலில் ஆச்சியின் குரல் கேட்டது.

"வாங்க, எலை போட்டாச்சு. சாப்பிட்டுத்தான் போகணும்."

என் உடம்பு தன்னால் நிமிர்ந்தது. கண் அவருடைய கழுத்துக்குழிக்குப் போனது. என்னை மீறி, என் கை கடிகாரத்தைத் திருப்பிவிட்டது. ஆச்சி அதைப் பார்த்துவிட்டார். ஈரக் கண்ணோடு சிரித்தார்.

"எம்பேரு விசாலாட்சி. இது எங்க வீடு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நீங்க சகுந்தலா சிஸ்டரு. போதுமா? சோறு ஆறுது, வாங்க."

போய் உட்கார்ந்தேன்.